பக்கம் திருப்புகிறவள்

சுவரொட்டியில் மூன்று பெயர்கள்.
மேடையில் நாற்காலி நான்கு.
நான்காவது எனக்கு.

பகலில் குவோப்பியோ வரி அலுவலகத்தில்
பிறர் வருமானத்தைக் கூட்டிக் கழிப்பவள்.
ஆண்டுக்கொருமுறை, பிப்ரவரியில்,
ஏரி உறைந்து அதன்மேல் கார்கள் ஓடும் வாரத்தில்,
கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு
பியானோவின் இடப்பக்கம் உட்காருவேன்.
மோதிரம் கூடாது. வாசனைத் தைலம் கூடாது.
எழுந்து, தாளின் மேல்மூலையைப் பிடித்து,
ஔனே தலையசைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.
அவள் அசைப்பது மூக்கை மட்டும்.
பார்ப்பவர்களுக்குத் தும்மல் வரப்போவது போலிருக்கும்.

பதினேழு பிப்ரவரிகள்.
அவர்களோடு நான் பேசியதெல்லாம்
ஓர் அஞ்சலட்டையில் அடங்கும்.
ஆனாலும் தெரியும்.
ஔனேயின் தாள்களில் பென்சில் இருக்கிறது.

முதல் பக்க ஓரத்தில்: ரெய்மா மூச்செடுக்கட்டும்.
நான்கில்: ரெய்மா அவசரப்படுவான். விடு.
பதினைந்தில், கடைசி வரிக்கு மேலே,
ரெய்மாவைப் பார்.
அடியில் இரண்டு கோடு.
செல்லோக்காரனை இத்தனை தடவை பார்க்கச் சொல்வது
தாளத்துக்காக மட்டுமில்லை என்று
ஆறாம் ஆண்டில்தான் எனக்கு உறைத்தது.

ஏழாம் ஆண்டு ரெய்மா வரவில்லை.
ஹெல்சிங்கியில் பெரிய இசைக்குழு, மாதச் சம்பளம்,
பல் வைத்தியத்துக்கும் சேர்த்துக் காப்பீடு.
குற்றம் சொல்ல முடியுமா?
எங்கள் நாட்டில் எவர் சம்பாத்தியத்தையும்
எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.
நான் கேட்டதில்லை.
மூன்றால் வகுக்கிற கூலிக்கு
விமானத்தில் நான்கு சீட்டு வாங்குகிறவர்கள்.
செல்லோ ஜன்னலோரம் உட்கார்ந்து
பெல்ட் போட்டுக்கொள்ளும்.
காபி மட்டும் கேட்காது.

டோர்ஸ்டியின் வயலின் டோர்ஸ்டியுடையதில்லை.
ஏதோ வங்கியின் அறக்கட்டளை இரவல் தந்தது,
அறுபத்தைந்தில் திருப்பித் தரவேண்டும்.
இப்போது அவனுக்கு அறுபத்து நான்கு.
இடைவேளையில் தனியே நின்று அதைத் துடைத்தான்.
குழந்தையைத் துடைப்பது போல என்பார்கள்,
அப்படியில்லை,
வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்
கடைசியாகத் தரையைத் துடைப்பது போல.

ஔனேக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை.
அந்தந்த ஊர் தரும் பியானோவோடு
அந்தந்த இரவுக் குடித்தனம்.
எங்களூர்ப் பியானோவில் மேல்கோடிக் கட்டையொன்று
குளிர்காலம் முழுக்கப் பல்லிளிக்கும்.
ஒருநாளும் அவள் குறை சொன்னதில்லை.
போன வருடம் மட்டும், மூடியைத் திறந்து,
"இன்னும் இருக்கிறாயா?" என்று அதை விசாரித்தாள்.

ரெய்மாவின் இடத்துக்கு வந்தவள் சைனி.
முதல் வருடம் பரீட்சை எழுதுவதுபோல் வாசித்தாள்,
நாக்கு நுனி வெளியே தெரிய.
அந்த ஆண்டே ஔனே அழிரப்பர் எடுத்திருக்க வேண்டும்.
முதல் பக்கம்: சைனி மூச்செடுக்கட்டும்.
அடியில் ரெய்மாவின் எழுத்துகள்
தாளில் பள்ளமாக மிச்சம்.
நான்கில் முழுவதும் அழித்திருந்தாள்,
சைனி அவசரப்படுகிறவள் இல்லை.
பதினைந்தில் மட்டும் ரப்பர் படவேயில்லை.
பத்து வருடமாக நான் திருப்பியது
போய்விட்டவனைப் பார்க்கச் சொல்லும் ஒரு பக்கத்தை.

நேற்று, இரண்டாம் பாதி.
பதினைந்துக்கு எழுந்து நிற்கிறேன்.
அந்தப் பழைய வரிக்குக் கீழே
வேறு கையெழுத்து, சின்னதாக, சாய்ந்து:
ஔனே, நான் இந்தப் பக்கம் இருக்கிறேன்.
அதற்கும் இரண்டு கோடு.

ஔனேயின் மூக்கு அசைந்தது.
திருப்பினேன்.
அது தலையசைப்பில்லை, சிரிப்பு.
மூன்று மாத்திரை முந்திவிட்டேன்,
பதினேழு வருடத்தில் முதல் தடவை.
அவள் தாளைத் தேடவில்லை.
சைனியைப் பார்த்தபடி
அந்த மூன்றையும் மனப்பாடமாக வாசித்தாள்,
பல்லிளிக்கும் கட்டை உட்பட.

கைதட்டலுக்கு அவர்கள் குனிந்தபோது
வழக்கம்போல் தாள்களை நெஞ்சோடு அணைத்து நின்றேன்.
யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
ஔனே மட்டும் போகிறபோக்கில்
"அடுத்த வருடம் கொஞ்சம் பொறு" என்றாள்.

இன்று காலை அலுவலகத்தில்
முன்பின் தெரியாத ஒரு மரவியாபாரியின் படிவத்தில்,
மொத்த வருமானம் என்ற கட்டத்துக்குள்,
என் கட்டைவிரல் ரேகை,
பென்சில் கரியில்.